கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள்: தொடரை எங்கே நிறுத்துவது?

போன மாதம் டெய்லர் தொடரைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை முழுசாக எடுத்துக்கொண்டன. படிக்கத் தொடங்கும் முன் ஒன்று: பாடப்புத்தகத்தில் எக்ஸ் என்று வருவதை இங்கே 'அ' என்று எழுதுகிறேன். கோணம் என்றால் அது ரேடியனில்தான். ஏன் என்று கீழே என் சொந்த மானம் போன கதையைப் படித்தால் தெரியும்.

பிளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்: சார், டெய்லர் தொடரின் சூத்திரத்தை மனப்பாடம் பண்ணிவிட்டேன், கேட்டால் அப்படியே எழுதிவிடுவேன். ஆனால் இது எதற்கு? சைன் வேண்டுமென்றால் கால்குலேட்டரில் பட்டன் இருக்கிறதே. அப்புறம் கீழே அந்தக் காரணீயங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன?

அம்மா, பட்டனைத் தட்டியதும் உள்ளே யார் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள் என்று யோசித்துப் பார். எந்த யந்திரத்துக்கும், நமக்கும்தான், அடிப்படையில் தெரிந்தது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்குதான். சைன் 10 டிகிரி என்பது ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்களுடைய விகிதம். வரைந்து ஸ்கேலால் அளந்தால் இரண்டு இலக்கம் ஒழுங்காக வரும், அதற்கு மேல் போனால் பென்சில் முனையின் தடிமனே இடிக்கும். பல்லுறுப்புக் கோவைக்கோ (அ, அ², அ³ இவற்றை எண்களால் பெருக்கிக் கூட்டியது) அந்த நான்கு வேலையே போதும். ஆகவே நமக்குப் பிடிபடாத சார்பை எழுப்பிவிட்டு அது இருந்த இடத்தில் ஒரு பல்லுறுப்புக் கோவையை உட்காரவைக்கிறோம். எந்தக் கோவையை? அதைச் சொல்வதுதான் டெய்லர்.

பூஜ்யத்தில் நின்றுகொண்டு சைன் சார்பைப் பார். அங்கே அதன் மதிப்பு 0. ஒரு முறை வகையிட்டால், அதாவது அது மாறும் வேகத்தை எடுத்தால், காஸ், அங்கே 1. மறுபடி வகையிட்டால் 0. மூன்றாம் முறை −1. அப்புறம் 0, 1, 0, −1 என்று இதே சுற்று. இதே எண்களை இதே வரிசையில் கொடுக்கும் ஒரு கோவை நமக்கு வேண்டும், அவ்வளவுதான். அ³ஐ எடுத்து மூன்று முறை வகையிட்டுப் பார்: முதலில் 3அ², பிறகு 6அ, பிறகு வெறும் 6. நமக்கு வேண்டியது −1. அப்படியென்றால் அ³க்கு முன்னால் −1/6 போட வேண்டும். வகையிடும்போது தலையிலிருந்து இறங்கி வருகிற 3, 2, 1ஐ ஈடுகட்டத்தான் கீழே காரணீயம். அ⁵க்கு 5, 4, 3, 2, 1 இறங்கும், ஆக 120. இதை ஒரு தடவை உன் கையால் செய்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இருக்காது, மறந்து போனாலும் பரீட்சை ஹாலிலேயே மறுபடி செய்துகொள்ளலாம்.

சரி, சைனுக்கு இப்படிக் கிடைக்கும் அ − அ³/6 + அ⁵/120 − … என்ற தொடரில் 10 டிகிரியைப் போட்டுப் பார்ப்போம். ரேடியனில் அது 0.174533. முதல் உறுப்பை மட்டும் வைத்துக்கொண்டால் விடை 0.174533. இதுவே பரவாயில்லை, மூன்றாம் இலக்கத்தில்தான் உதைக்கிறது. அ³/6 என்பது 0.000886. கழித்தால் 0.173647. உண்மையான மதிப்பு 0.173648. இரண்டே உறுப்பு, ஒரு துண்டுக் காகிதம், ஆறாம் இலக்கத்தில் ஒன்று குறைகிறது. மூன்றாவது உறுப்பான அ⁵/120 வெறும் 0.0000013, அதையும் கூட்டினால் அந்த ஒன்றும் சரியாகிவிடும்.

இப்போது என் கதை. கல்லூரி முதல் வருடத்தில் இதே கணக்கை கரும்பலகையில் போடச் சொன்னார்கள். நான் பெருமையாக அ என்ற இடத்தில் 10ஐயே போட்டு, 10 கழித்தல் 1000/6 என்று எழுதி, சைன் 10 டிகிரி என்பது மைனஸ் 156 என்று விடை கண்டேன். சைன் ஒன்றைத் தாண்டாது என்று பத்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும், எனக்கு அந்த நிமிடம் தெரியவில்லை. வகுப்பு சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. சைனை வகையிட்டால் காஸ் என்பதே கோணம் ரேடியனில் இருந்தால்தான் உண்மை. டிகிரியில் வகையிட்டால் ஒவ்வொரு தடவையும் பை/180 என்று ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை: பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று பார்க்க 72ஐ வட்டி விகிதத்தால் வகுக்கச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தேன். அந்த 72 எங்கிருந்து வந்தது என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை, நல்லவேளை. உங்கள் தொடருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு ஐயா, நேரடியாகவே. கூட்டு வட்டியில் பணம் இரட்டிப்பாகும் காலம் என்பது 2இன் இயல் மடக்கையை (0.6931) 1+அ என்பதன் இயல் மடக்கையால் வகுத்தால் வருவது. இங்கே அ என்பது வட்டி, 8 சதவீதம் என்றால் 0.08. பூஜ்யத்தின் பக்கத்தில் 1+அ என்பதன் மடக்கைக்கு டெய்லர் கொடுப்பது அ − அ²/2 + அ³/3 − … முதல் உறுப்போடு நிறுத்தினால் 69.3ஐ வட்டியால் வகுக்க வேண்டும் என்று வரும். 8 சதவீதத்துக்கு 8.66 வருடம். உண்மை விடை 9.006 வருடம். நாலு மாதம் குறைத்துச் சொல்லிவிட்டோம், டெபாசிட் போட்டவர் கவுன்டரில் வந்து சண்டை பிடிப்பார்.

இரண்டாவது உறுப்பையும் சேருங்கள். அப்போது 69.3ஐ அப்படியே வைக்காமல் வட்டியில் பாதி அளவு தூக்கிக்கொள்ள வேண்டும் என்று தெரியவரும்: 8 சதவீதத்துக்கு 69.3 × 1.04, அதாவது 72.07. அந்த 72 இதுதான். 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் எண்ணாகவும் அது அமைந்துபோனதால் நிலைத்துவிட்டது. ஆனால் அது 8 சதவீதத்துக்குப் பக்கத்தில் பிறந்த எண் என்பதை மறக்கக் கூடாது. 2 சதவீதத்துக்கு 70தான் சரி (35 தவணை, 72 போட்டால் 36 என்று காட்டும்). 18 சதவீதத்துக்கு வாங்கிய கடன் 4 வருடத்தில் இரண்டு மடங்கு என்று 72 சொல்லும், உண்மையில் 4.19 வருடம்.

உங்கள் துறை என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் வங்கிகளில் பெரும்பாலும் டெபாசிட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்க்கிறார்கள் அல்லவா? அப்படியென்றால் 8 சதவீதம் என்பது காலாண்டுக்கு 2 சதவீதம், 35 காலாண்டு, அதாவது 8 வருடம் 9 மாதம். முப்பது வருடமாக நீங்கள் சொன்ன 9 வருடத்தில் மூன்று மாதம் அதிகம். வாடிக்கையாளருக்கு அது இன்ப அதிர்ச்சிதான், யாரும் திரும்பி வந்து திட்டியிருக்க மாட்டார்கள்.

பி.எஸ்சி. கணிதம் இரண்டாமாண்டு மாணவர், திருநெல்வேலி: சார், மேலே சொன்ன மடக்கைத் தொடரில் அ = 2 போட்டு 3இன் மடக்கையைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுகிறது. அதைவிடப் புரியாதது 1/(1+அ²). அந்த வரைபடத்தில் உடைசலே கிடையாது, சின்னக் குன்று மாதிரி அமைதியாக இருக்கிறது. அதற்கும் தொடர் 1க்கு மேல் ஏன் வேலை செய்வதில்லை?

நல்ல கேள்வி தம்பி, இந்த மாத மூட்டையிலேயே எனக்குப் பிடித்தது. நீங்கள் பார்த்த ஆட்டத்தை மற்றவர்களுக்கும் காட்டிவிடுகிறேன். உறுப்புகள் 2, −2, 2.67, −4, 6.4, −10.67. கூட்டிக்கொண்டே போனால் 2, 0, 2.67, −1.33, 5.07, −5.6. உண்மை மதிப்பு 1.0986. கூடுதல் உறுப்பு சேர்க்கச் சேர்க்க விடை பக்கத்தில் வரும் என்று நாம் எல்லோரும் ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறோமே, அது இங்கே தலைகீழ். எட்டு உறுப்பு போட்டவனைவிட ஒரு உறுப்போடு நிறுத்திய சோம்பேறி பக்கத்தில் நிற்கிறான்.

மடக்கைக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. அ = −1 என்றால் பூஜ்யத்தின் மடக்கை, அங்கே சார்பு பாதாளத்தில் விழுகிறது. நாம் நிற்பது 0. பள்ளம் இடது பக்கம் 1 தூரத்தில். தொடர் இடது பக்கம் 1 தூரத்துக்கு மேல் போக முடியாது, சரி, நியாயம். ஆனால் வலது பக்கமும் அதே 1 தூரத்தோடு நின்றுவிடுகிறது, பள்ளம் எதுவும் இல்லாத பக்கத்தில்கூட. முளையில் கட்டிய மாடு மாதிரி, கயிற்றின் நீளம் எல்லாப் பக்கமும் ஒன்றுதான்.

1/(1+அ²)க்கு எண் கோட்டில் பள்ளமே இல்லை. ஆனால் மாடு கோட்டில் மட்டும் மேய்வதில்லை, கற்பனை எண்களையும் சேர்த்து வரைந்த கலப்பெண் தளம் முழுவதும் மேய்கிறது. வர்க்கம் −1 ஆகிற கற்பனை எண்ணை அ இருக்கும் இடத்தில் போடுங்கள்: கீழே 1 − 1, பூஜ்யம். அந்தப் பள்ளம் கோட்டுக்கு நேர் மேலே 1 தூரத்தில் இருக்கிறது, இன்னொன்று நேர் கீழே. நாம் கோட்டின் மேல் நடந்துகொண்டு, 'இங்கே பள்ளம் எதுவும் இல்லையே' என்று ஆச்சரியப்படுகிறோம். கலப்பெண் பாடம் முடிக்காமல் இதற்கு மனசு சமாதானம் ஆகிற விளக்கம் எனக்குத் தெரிந்து கிடையாது.

3இன் மடக்கை வேண்டும் என்றால் தொடரைத் திட்டாமல் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 1+அ இன் மடக்கையிலிருந்து 1−அ இன் மடக்கையைக் கழித்தால் இரட்டைப்படை அடுக்குகள் எல்லாம் அடிபட்டுப் போய் 2(அ + அ³/3 + அ⁵/5 + …) என்று நிற்கும். அ = 1/2 என்றால் (1+அ)/(1−அ) சரியாக 3. நான்கே உறுப்பு: 0.5 + 0.041667 + 0.00625 + 0.001116, இரண்டால் பெருக்கினால் 1.0981. ஆடியது எங்கே, இது எங்கே!

கூடவே ஒரு எச்சரிக்கை. தொடர் ஒழுங்காக ஒருங்கினாலும், அதாவது கூட்டக் கூட்ட ஒரே மதிப்பை நெருங்கினாலும், அது நம் சார்புக்குத்தான் போய்ச் சேரும் என்று எழுதி வைத்த சட்டம் இல்லை. 1820களில் கோஷி என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் ஒரு சார்பைக் காட்டினார்: ஈ (2.718…) என்ற எண்ணின் அடுக்கில் −1/அ², பூஜ்யத்தில் மட்டும் மதிப்பு 0. பூஜ்யத்தில் அதன் எல்லா வகைக்கெழுக்களும் 0. ஆக டெய்லர் தொடர் 0 + 0 + 0 + … அழகாக ஒருங்குகிறது, சார்புக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை. அ = 0.1இல் அந்தச் சார்பின் மதிப்பு தசமப் புள்ளிக்குப் பிறகு 43 பூஜ்யம் தாண்டித்தான் தலைகாட்டும். பூஜ்யத்தில் அவ்வளவு தட்டையாகப் படுத்திருக்கிறது.

வாசகர், நாகர்கோவில்: இதையெல்லாம் கேரளத்து மாதவர் டெய்லருக்கு முன்னூறு வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டார், வெள்ளைக்காரர்கள் திருடிக்கொண்டு போய் டெய்லர் பெயரை வைத்துவிட்டார்கள் என்கிறார் என் மைத்துனர். உண்மையா?

பாதி உண்மை, பாதி மைத்துனர்.

உண்மையான பாதி பெரிய விஷயம். சங்கமகிராமத்து மாதவரின் காலம் ஏறக்குறைய 1340 முதல் 1425 வரை. சைன், காஸ் இவற்றுக்கும், பையைக் கொடுக்கும் தொடருக்கும் கேரள மரபு அவரையே மூலவராகச் சொல்கிறது. ஜ்யேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய யுக்திபாஷையில் அவற்றுக்கு நிரூபணமும் இருக்கிறது, அதுவும் சமஸ்கிருதத்தில் இல்லை, மலையாளத்தில். ஐரோப்பாவில் கிரிகோரி இதே மாதிரித் தொடர்களைக் கடிதத்தில் எழுதியது 1671. டெய்லரின் புத்தகம் 1715. மெக்லாரின் 1742, அவரும் இது டெய்லருடையது என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினார், உலகம்தான் கேட்காமல் பூஜ்யத்தில் நின்று எழுதும் தொடருக்கு அவர் பெயரை வைத்துவிட்டது.

எனக்கு இதில் மெய்சிலிர்க்கிற இடம் வேறு. மாதவருடையதாகச் சொல்லப்படும் சைன் சுலோகம் 'வித்வான்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. அது புகழ்ச்சி இல்லை, எண். கச்சேரி கேட்பவர்களுக்கு எழுத்தை எண்ணாகப் படிக்கும் கடபயாதி முறை தெரிந்திருக்கும்: மேசகல்யாணி ராகத்தில் மே என்றால் 5, ச என்றால் 6, திருப்பிப் போட்டால் 65, மேளகர்த்தா எண். அதே முறைதான் இங்கும். வி 4, வா 4, ஆக வித்வான் 44. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை, அதிலும் அறுபதில் ஒரு பங்கு என்று போகிற அளவில் 44. நான் உட்கார்ந்து சரிபார்த்தேன்: 90 டிகிரியின் ரேடியன் அளவை 11 முறை பெருக்கி, 11இன் காரணீயத்தால், அதாவது 3,99,16,800ஆல் வகுத்து, அவர்கள் வட்டத்தின் ஆரமான சுமார் 3438 கலையால் பெருக்கினால் அந்த அளவில் 44.5 வருகிறது. சைன் தொடரின் பதினோராம் அடுக்கு உறுப்பை ஒரு மனிதர் 'வித்வான்' என்று சுலோகத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்!

இன்னொன்று. பை/4 = 1 − 1/3 + 1/5 − … என்ற தொடர் அழகு, ஆனால் நடை ஆமை. பத்து உறுப்பு கூட்டி நான்கால் பெருக்கினால் 3.0418, பரிதாபம். கேரளத்தார் அங்கே நிறுத்திவிட்டு, மீதி எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். உறுப்புகளின் எண்ணிக்கையை, அதன் வர்க்கத்தின் நான்கு மடங்கோடு 1 கூட்டியதால் வகுத்து ஒரு திருத்தம் வைத்தார்கள்: 10/401. நான்கால் பெருக்கினால் 0.09975. கூட்டுங்கள்: 3.14159. பத்தே உறுப்பில். விட்ட இடத்துக்குப் பிறகு என்ன மிச்சம் என்று கேட்டதுதான் எனக்குத் தொடரைவிடப் பெரிதாகப் படுகிறது. எல்லா டெய்லர் தொடருக்கும் பொதுவாக அந்த மீதிக்கு ஒரு வடிவத்தை லக்ராஞ்ச் என்ற கணித அறிஞர் கொடுத்தது 1797இல்தான்.

மைத்துனர் பாதிக்கு வருவோம். எந்தச் சார்பைக் கொடுத்தாலும் வகையிட்டு வகையிட்டுத் தொடர் எழுதலாம் என்ற பொதுச் சூத்திரம் டெய்லருடையது. மாதவர் குறிப்பிட்ட சில சார்புகளுக்கு வடிவகணிதம் வழியாகப் போனார். திருட்டுக்கு ஆவணச் சான்று எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. கேரளத்து வேலையே 1830களில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி விஷ் கட்டுரை எழுதிய பிறகுதான் ஐரோப்பியர் காதில் விழுந்தது, விழுந்தும் நூறு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. கோபப்பட வேண்டுமென்றால் அதற்குப் படலாம்.

பொறியியல் மாணவர், கோவை: பைத்தானில் ஈ அடுக்கு −20ஐ டெய்லர் தொடர் வைத்து எழுதினேன். எத்தனை உறுப்பு சேர்த்தாலும் தப்பு. இது எல்லா எண்ணுக்கும் ஒருங்கும் தொடர்தானே?

காகிதத்தில் ஒருங்கும். உங்கள் மெஷினில் ஒருங்காது. வழியில் வரும் பெரிய உறுப்பு 20இன் 20ஆம் அடுக்கை 20இன் காரணீயத்தால் வகுத்தது, சுமார் 4.3 கோடி. இப்படிக் கோடிக்கணக்கான எண்களைக் கூட்டிக் கழித்துக் கடைசியில் உங்களுக்கு வேண்டிய விடை 0.000000002. கணினி வைத்துக்கொள்வது மொத்தம் 16 இலக்கம் சொச்சம். கோடிக்கு எட்டு போனால் புள்ளிக்குப் பின் எட்டுதான் மிச்சம், உங்கள் விடையோ ஒன்பதாம் இடத்தில்தான் தொடங்குகிறது. லாரி எடை போடும் மேடையில் மூக்குத்தியை நிறுத்துகிறீர்கள். ஈ அடுக்கு 20ஐக் கண்டுபிடித்து (அங்கே எல்லாமே கூட்டல்) அதன் தலைகீழை எடுங்கள், முடிந்தது.

கால்குலேட்டருக்குள் டெய்லரா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இல்லை. ஜாக் வோல்டர் 1959இல் வெளியிட்ட கார்டிக் என்ற முறையைத்தான் கைக் கால்குலேட்டர்கள் பிடித்துக்கொண்டன, கூட்டலும் இலக்கத்தை நகர்த்துவதுமே அதில் போதும். கணினி நிரல்களில் பல்லுறுப்புக் கோவைதான், ஆனால் டெய்லர் எண்களைக் கொஞ்சம் நெளித்து வைத்திருப்பார்கள். டெய்லர் நடுவில் அநியாயத்துக்குத் துல்லியம், ஓரத்தில் கைவிடும். நெளித்தால் பிழை எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும்.

இயற்பியல் ஆசிரியை, சேலம்: தனி ஊசல் சோதனையில் கோணம் 5 டிகிரிக்குள் இருக்கட்டும் என்கிறோம். 20 வரை விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

சைன் அ இருக்கும் இடத்தில் அ என்று போட்டதன் விலை அது டீச்சர். அலைவு காலம் சுமார் 1 + அ²/16 மடங்காகும். 20 டிகிரிக்கு அந்தக் கூடுதல் முக்கால் சதவீதம், ஊசல் கடிகாரம் என்றால் ஒரு நாளைக்கு 11 நிமிடம் பின்தங்கும். 5 டிகிரியிலும் 41 விநாடி உண்டு. பிள்ளைகள் ஸ்டாப்வாட்சை அமுக்கும் லட்சணத்தில் அது தெரியாது, 11 நிமிடக் கணக்கு தெரிந்தாலும் தெரியும்.

இல்லத்தரசி, காரைக்குடி: எட்டாவது படிக்கும் மகன் 26க்கு வர்க்கமூலம் கேட்கிறான். நீளவகுத்தல் முறை எனக்கு மறந்துபோச்சு. உங்கள் வித்தை எட்டாவதுக்கு ஆகுமா?

தாராளமாக. பக்கத்தில் தெரிந்த ஊர் எது என்று கேளுங்கள்: 25, மூலம் 5. மிச்சம் 1. அந்த 1ஐ 5இன் இரண்டு மடங்கான 10ஆல் வகுத்து 5ஓடு கூட்டுங்கள், 5.1. இது கொஞ்சம் அதிகம். எவ்வளவு அதிகம் என்றால், சேர்த்த 0.1ஐ வர்க்கப்படுத்தி மறுபடி அதே 10ஆல் வகுத்தால் 0.001. கழியுங்கள், 5.099. கால்குலேட்டர் 5.09902 என்று சொல்லும். அடுத்து 50 கேட்பான், 49இல் ஏறிக்கொள்ளுங்கள்: 7 + 1/14. 35 கேட்டால் 25இலிருந்து போகாதீர்கள், 36இலிருந்து பின்னால் வாருங்கள்: 6 − 1/12.